ஆறு சென்டிமீட்டர் குறைவு

தோட்டம் வரைந்து கொடுப்பது என் தொழில் என்று பெயர். உண்மையில் என்னைக் கூப்பிடுகிற பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள் கேட்பது தோட்டம் இல்லை, கார் நிறுத்த இடம். வாசலில் மேசை விரிப்பு அளவுக்கு ஒரு புல்தரை இருக்கும், அதில் நாலு ரோஜாச் செடி நிற்கும். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு முழுக்க கான்கிரீட் போடச் சொல்வார்கள். நான் விடமாட்டேன். இரண்டு சக்கரம் ஓடும் தடத்துக்கு மட்டும் கல் போதும், நடுவில் தைம் என்று தரையோடு படரும் வாசனைச் செடி நடலாம், ஓரத்தில் லாவெண்டர் வைக்கலாம், மழைத்தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும் என்று படம் போட்டுக் காட்டி, கெஞ்சி, மிரட்டிச் சம்மதிக்க வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வாசல் நான் வரைந்தது. 'கேனரைக் கூப்பிட்டால் செடி இல்லாமல் விடமாட்டாள்' என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அது எனக்குப் பெருமைதான்.

பன்னிரண்டாவதாக நான் வரைந்தது முப்பத்தொன்றாம் எண் வீடு. மெர்ல் வீடு. எங்களுடையது முப்பத்து மூன்று. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு வேலிச்செடி. மெர்லுடைய அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இதே ஊரில், நான் பிறந்த அதே ஆஸ்பத்திரியில், எனக்கு ஆறு வருடம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பயறும் செய்தாளென்றால் வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் எங்கள் பக்கம் வரும். என்னிடமிருந்து தக்காளி நாற்று அந்தப் பக்கம் போகும். அவள் கணவர் வெண்டல் நாற்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். போன நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பித்தது. அந்த வாய்க்கு எதுவும் ஆகாது என்று மெர்ல் கேலியாகச் சொல்வாள்.

ஏப்ரலில் ஒரு காலை அவள் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில கண்டிப்பா சொல்லிட்டாங்கடி. கார்லேருந்து சக்கர நாற்காலி நேரா வாசப்படிக்கு வரணுமாம். தெருக்கோடியில இறக்கி அந்த மேட்டுல தள்ளிட்டு வர்றதெல்லாம் ஆகாதாம். ஜூன் முடியறதுக்குள்ள வீட்டைச் சரி பண்ணலைன்னா மான்ஸ்ஃபீல்டு பக்கத்துல ஒரு காப்பகத்துல போட்டுடுவாங்களாம்."

"போட்டுடுவாங்களா? அவரு என்ன பார்சலா?"

"அவரும் அதையேதான் கேட்டாரு. அங்க போக ரெண்டு பஸ் மாறணும் கேனர். ஊரையே பஸ்ல ஏத்திட்டுப் போன மனுஷனைப் பாக்க நான் ரெண்டு பஸ் மாறிப் போகணும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். தெருவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கட்டம் போட்டுத் தரச் சொல்லலாம்தான். ஆனால் மூலையில் இருக்கும் பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் காலையிலேயே அதை அடைத்துக்கொள்வார்கள். வழி ஒன்றுதான் இருந்தது. வாசல் சுவரை இடித்து, காரை வீட்டு முன்னாலேயே ஏற்ற வேண்டும். நான் செய்து தருகிறேன், நீ அழாதே என்றேன். என் உழைப்புக்கு எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

காரை நடைபாதை தாண்டி ஏற்றுவதற்கு விளிம்புக் கல்லைத் தாழ்த்த வேண்டும். அதற்கு நகரக் கவுன்சில் அனுமதி தரவேண்டும். நடைபாதையிலிருந்து வீட்டுச் சுவர் வரை நாலு மீட்டர் எண்பது இருந்தால்தான் அனுமதி. குறைந்தால் காரின் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும் என்று அவர்களுக்குப் பயம். நியாயமான பயம்தான், நானே பார்த்திருக்கிறேன். மெர்ல் வீட்டில் முன்னறை ஜன்னல் வெளியே பிதுங்கி நிற்கிற பழைய மாதிரி. அதன் அடிச்சுவரிலிருந்து நடைபாதை வரை அளந்தேன். நாலு எழுபத்து நாலு வந்தது. நாடாவைச் சுருட்டி விட்டு மறுபடி அளந்தேன். மறுபடியும் நாலு எழுபத்து நாலு.

அவர்களுடைய கார் மூன்றரை மீட்டர் சொச்சம் நீளமுள்ள சின்ன வண்டி. மெர்ல் அதைப் பக்கத்துக் கடை வரைதான் ஓட்டுவாள், தூரம் என்றால் பஸ்தான். அந்த இடத்தில் அது தாராளமாக நிற்கும். ஆனால் கவுன்சிலுக்கு எல்லாக் காரும் ஒரே கார்தான். வாசல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் அதன் உச்சியில் பதித்திருந்த மேல்கல் கண்ணில் பட்டது. நடைபாதைப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது, சரியாக ஆறு சென்டிமீட்டர். அந்தக் கல்லின் வெளி விளிம்பிலிருந்து அளந்தால் நாலு எண்பது. சுவரை இடித்த பிறகு அந்த விளிம்பு எங்கே இருந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது. படத்தில் நாலு எண்பது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அளவு அது.

அன்று சாப்பாட்டு மேசையில் என் கணவன் நெவிலிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். எதையும் அவனிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

"ஆறு சென்டிமீட்டர் இடிக்குது நெவில். மேல்கல்லோட வெளிப்பக்கத்துலேருந்து அளந்து போட்டுட்டேன்."

"அடிப்பாவி. ஊர்ல எல்லாரையும் அரை இஞ்சுக்கு விரட்டுவ, நீயே இப்படிப் பண்றியா?"

"கை அகலம்கூட இல்ல. யாருக்கு நஷ்டம்? ஆமா, விளிம்பைத் தாழ்த்திட்டா உன் காரை அங்க நிறுத்த முடியாது. அதையும் யோசிச்சியா?"

உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தவன் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு சிரித்தான். "கார்தானே. வெண்டலை விடப் பெரிசா? செய், செய்."

அவனுடைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வாசலுக்கு நேரே தெருவோரத்தில் ஒரு பெரிய லிண்டன் மரம். கோடைக்காலம் பூராவும் அதன் இலைப்பூச்சிகள் பிசின் மாதிரி எதையோ சொட்டிக்கொண்டிருக்கும், அடியில் நிற்கும் வண்டியெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதனால் நெவில் பத்தொன்பது வருடமாக மெர்ல் வீட்டு முன்னால்தான் நிறுத்துகிறான். சட்டப்படி தெரு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எங்கள் தெருவில் யார் வண்டி எங்கே நிற்கும் என்று பூனைகளுக்குக்கூடத் தெரியும். சனிக்கிழமை தோறும் அங்கேயே வைத்து அதைத் துடைத்துப் பளபளவென்று ஆக்குவான். வெண்டல் ஜன்னலுக்குள்ளிருந்து, "போதும் நெவில், தேஞ்சு போயிடும்!" என்று கத்துவார். பத்தொன்பது வருடமும் ஒரே கேலி, இவனும் ஒவ்வொரு தடவையும் கை காட்டுவான்.

விண்ணப்பம் போனது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கவுன்சில் கடிதம் அனுப்பியது. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று மூன்று வாரம் தவணை. தெருவில் பார்த்த ஒவ்வொருவரும், "அருமையான யோசனை கேனர், வெண்டல் வரட்டும் பாவம்" என்றார்கள். இங்கிலாந்தில் பிடிக்காததை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வாயால் அருமை என்பார்கள், வீட்டுக்குப் போய்க் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவார்கள். என் தொழிலில் பாதி நேரம் அந்தக் கடிதங்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. ஆனாலும் இந்தத் தடவை யாரும் எழுத மாட்டார்கள் என்று நம்பினேன். வெண்டல் மேல் யாருக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

மே மாதக் கடைசியில் ஒரு காலை மெர்ல் வேலி வழியாகக் கூப்பிட்டாள். போனேன். கம்ப்யூட்டரில் கவுன்சில் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஒரே ஒரு ஆட்சேபம். எழுதியவர் பெயரை மறைத்திருந்தார்கள். மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"'படத்தில் காட்டிய அளவு தவறு. வீட்டு முன்புறத்தின் உண்மையான ஆழம் நாலு மீட்டர் எழுபத்து நாலு. சுவரின் மேல்கல்லிலிருந்து அளந்திருக்கிறார்கள். அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறேன்.' யாருடி இது? நம்ம வாசல்ல வந்து எவன் டேப் வெச்சு அளந்தான்? நான் தூங்கும்போதா?"

அந்த மேல்கல் விஷயத்தை நான் ஒருவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"தெரியலையா? யாரா இருக்கும்?" மெர்ல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அவள் உடனே முப்பத்தேழாம் எண் கிழவர்மேல் பழியைப் போட்டாள். அவர் வானொலியைச் சத்தமாக வைப்பதாகப் போன வருடம் இவள் சொன்னதற்குப் பழிவாங்குகிறார் என்றாள். இருக்கலாம் என்றேன். பாவம் அந்தக் கிழவர்.

அன்று மத்தியானமே கவுன்சிலிலிருந்து பக்லி என்று ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், நல்ல மனிதர். நாடாவை வைத்தார், நிமிர்ந்தார், மேல்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இருபது வருஷமா உங்க படத்தை நான் பாக்கறேன் மிஸஸ் ஹால்சி. ஒரு தடவைகூடத் திருப்பி அளந்ததில்ல."

"எனக்கு வேற வழி தெரியல."

"வழி இருந்துச்சு. என்னைக் கேட்டிருக்கலாம்." மெர்ல் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல நடக்க முடியாதவங்க இருந்தா பத்து சென்டிமீட்டர் வரைக்கும் கமிட்டி விட்டுக் குடுக்கும். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் ஆட்சேபிக்கக் கூடாது. எழுதினவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு நான் கேக்கல. தெரிஞ்சா, வாபஸ் வாங்கறேன்னு ஒரு கடிதம் போடச் சொல்லுங்க. கூட்டத்தன்னிக்கு அதைப் படிப்பாங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

கூட்டம் ஜூன் பதினெட்டாம் தேதி. என் ஆட்களிடம் பேசிவிட்டேன், கல் பதிக்க நாலு நாள் போதும் என்றார்கள். நெவில் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அவன் முன்னால் போய் நின்றேன்.

"நீதானே எழுதின?"

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். "நான் எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?" என்றான்.

"இல்ல."

"அப்புறம்? பொய் எழுதினது நீ. உண்மை எழுதினது நான். கோபம் மட்டும் உனக்கு."

"நீ உண்மைக்காக எழுதல நெவில். காருக்காக எழுதின."

"பத்தொன்பது வருஷமா அங்க நிறுத்தறேன். அந்த மரத்தடியில ரெண்டு வாரம் விட்டா பெயின்ட் போச்சு. தெருக்கோடியில விட்டா கண்ணாடியை உடைச்சிடறானுங்க. எனக்குன்னு இந்தத் தெருவுல இருக்கறது அது ஒண்ணுதான். உனக்குப் பதினோரு வாசல் இருக்கு."

"அங்க ஒரு மனுஷன் வீட்டுக்கு வர முடியாம கெடக்கான். நீ பெயின்ட்டைப் பத்திப் பேசற."

கத்தினேன். இருபத்தெட்டு வருடத்தில் அவ்வளவு கத்தியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று அவன் ஜன்னலைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தப்புதான் என்றான். ஏதோ புத்தி கெட்டுப்போய் எழுதிவிட்டேன், வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றான். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இன்றைக்கும் அந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேனர். மெர்ல்கிட்ட மட்டும் சொல்லாதே. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

சரி என்றேன். அவனுக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. இப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று வேலிக்கு மேலே எப்படிச் சொல்வது? காரியம்தான் நல்லபடியாக முடியப் போகிறதே, எதற்கு அவள் மனதையும் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே காதில் பூச்சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவன் மாடியில் உட்கார்ந்து எழுதினான். ஒட்டிய உறையோடு கீழே வந்து தபால்தலை கேட்டான். நானே எடுத்து ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் மூலைத் தபால்பெட்டி வரை நடந்தோம். உறையைப் போட்டுவிட்டு என் தோளில் கையைப் போட்டான். எனக்கு அவன்மேல் மறுபடி பிரியம் வந்துவிட்டது. சொல்லவே கூசுகிறது, ஆனால் வந்தது.

அடுத்த மூன்று வாரமும் மெர்ல் சந்தோஷமாக இருந்தாள். ஆட்சேபித்தவர் வாபஸ் வாங்கிவிடுவார் என்று பக்லி சொன்னதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த பொய். முப்பத்தேழாம் எண் கிழவர் திருந்திவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நெவில் தன் இடத்தை விட்டுக் கொடுக்கிறான் என்பதற்காக ஒரு இஞ்சி கேக் சுட்டு, துணி போட்டு மூடி, வேலி வழியாக என்னிடம் நீட்டினாள்.

"நெவில்கிட்ட குடு. அவருக்கு அந்தக் கார்னா உயிருன்னு எனக்குத் தெரியும். இந்தக் காலத்துல யாருடி இப்படி விட்டுக் குடுப்பாங்க?"

வாங்கிக்கொண்டு போனேன். அவன் மூன்று துண்டு சாப்பிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மெர்லும் படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் வெண்டலைப் பார்க்கப் போனோம். அவர் ஒற்றைக் கையால் அதை மடியில் விரித்துவைத்து, பஸ் டிப்போவையே வடிவமைக்கிற தோரணையில் பார்த்தார்.

"நேரா ஏத்தணுமா, ரிவர்ஸ்ல ஏத்தணுமா?"

"எப்படி வேணாலும்."

"எப்படி வேணாலும்னு டிரைவர்கிட்ட சொல்லக்கூடாது கண்ணு. ரிவர்ஸ்தான். மெர்லுக்கு ரிவர்ஸ் வராது. ரோஜாவை ஏத்திக் கொன்னுடுவா." பிறகு நடுவில் இருந்த பச்சைப் பட்டையை விரலால் தொட்டார். "இது என்ன?"

"தைம். சக்கரம் லேசா பட்டா வாசனை வரும்."

"அப்போ தினமும் ரெண்டு தடவை ஏத்தி இறக்குவேன்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. வெண்டல் அப்படியெல்லாம் சொல்கிறவர் இல்லை.

பதினெட்டாம் தேதி மத்தியானம் கூட்டம். நெவில் காலையிலேயே வேலைக்குப் போகும்போது சாவியை மேசைமேல் வைத்தான். "என் காரை எடுத்துக்க. மெர்லை பஸ்ல அலைய விடாதே. நான் கூட வேலை செய்யறவன் வண்டியில போய்க்கிறேன்." அவ்வளவு கரிசனம்! மெர்ல் தேவாலயத்துக்குப் போடும் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள்.

ஒன்பது உறுப்பினர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களுடையது ஆறாவது. அதற்கு முன்னால் ஒரு மீன்வறுவல் கடையின் புகைபோக்கிக்கு முக்கால் மணி நேரம் போனது. பிறகு பக்லி எழுந்து எங்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஆறு சென்டிமீட்டர் குறைகிறது, வீட்டுக்காரரின் உடல்நிலையைப் பார்த்தால் தளர்த்தலாம், ஆட்சேபம் இல்லாவிட்டால் என்றார். கிளார்க் ஒரு உறையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"ஆட்சேபித்தவரிடமிருந்து பிற்பாடு இன்னொரு கடிதம் வந்திருக்கிறது."

நான் மெர்ல் கையை அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கிளார்க் படித்தாள். "'என் ஆட்சேபத்தில் உறுதியாக இருக்கிறேன். என்னை வாபஸ் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். படம் வரைந்தவர் அளவு தவறு என்று தெரிந்தே எழுதினார். அதை அவர் வாயாலேயே கேட்டேன். இப்படிப்பட்டவரின் அளவுகளை நம்பி விதியைத் தளர்த்துவது சரியா என்று உறுப்பினர்கள் யோசிக்க வேண்டும்.'"

முதலில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. நான் தபால்தலை ஒட்டிய கடிதம் இதுதான் என்று மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. தோளில் கை போட்டது, கேக் தின்றது, காலையில் சாவி வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் கண்ணீர் விட்டுவிட்டு மாடிக்குப் போய், இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் பெயரை, என் தொழிலை, இருபத்திரண்டு வருடத்தைச் சேர்த்து எழுதி மூடிக் கொண்டுவந்திருக்கிறான். அங்கேயே அவன் கழுத்தைப் பிடிக்க முடியவில்லையே என்று இருந்தது.

தலைவி பச்சைக் கண்ணாடி போட்ட அம்மாள். "மிஸஸ் ஹால்சி, நீங்க பேச விரும்பறீங்களா? மூணு நிமிஷம் இருக்கு."

எழுந்தேன். "அதுல எழுதியிருக்கறது உண்மை. தெரிஞ்சேதான் தப்பா அளந்தேன். அதுக்கு என்ன தண்டனை வேணாலும் எனக்குக் குடுங்க. வெண்டலுக்குக் குடுக்காதீங்க. எழுதினது யாருன்னும் சொல்லிடறேன். என் புருஷன். அவரோட கார் அங்கதான் நிக்குது. அதை நகர்த்த மனசில்லாம எழுதியிருக்காரு. இது ஒரு பக்கத்து வீட்டுக்காரரோட ஆட்சேபம் இல்ல, ஒரு காரோட ஆட்சேபம்."

இந்த நாட்டில் ஒரு அறையில் யாராவது இப்படிப் பேசிவிட்டால் எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். யாரோ ஒருவர் இருமினார். ஒருவர் மட்டும், வயசான உறுப்பினர், தளர்த்தலாமே என்று மெதுவாகச் சொன்னார். காரணம் எதுவானாலும் ஆட்சேபம் ஆட்சேபம்தான், அளவைத் திரித்த விண்ணப்பத்துக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். கை தூக்கினார்கள். ஆதரித்து நாலு, எதிர்த்து ஐந்து. ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று தலைவி அன்பாகச் சொன்னாள். ஆறு மாதம் என்றால் டிசம்பர்.

வராந்தாவில் பெரிய ஜன்னலோரம் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மெர்ல் அங்கே போய் நின்றாள், உட்காரவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையாகவே எதிர்பார்த்தேன். ஏமாந்து போய் நிற்பது நான்தானே.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் மெர்ல். அவன் ரெண்டாவதா எழுதினது..."

"அதைக் கேக்கல. மொதக் கடிதம். அது நெவில்னு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ படிச்சப்பவே."

"என் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தியே. அப்பவா?"

"ஆமா."

"யாருன்னு கேட்டேன். தெரியலைன்னு சொன்ன."

"வாபஸ் வாங்கறேன்னு சத்தியம் பண்ணினான். நம்பிட்டேன். அவன் என்னை ஏமாத்திட்டான் மெர்ல்."

"உன்னை ஏமாத்தினான். சரி. அது உன் வீட்டு விஷயம், நீ பாத்துக்க." அவள் குரல் உயரவே இல்லை. "நெவில் எனக்கு யாரு? வாசல்ல கார் நிறுத்தற ஒரு ஆளு. அவன்கிட்ட நான் என்ன எதிர்பாத்தேன்? நீ யாருடி எனக்கு? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன். வெண்டலைப் போன்ல பேச வெச்சிருப்பேன். கெஞ்சியிருப்பேன். எனக்கு வெக்கம் கெடையாது, அவருக்காக யாரு கால்லயும் விழுவேன். நெவில் கால்ல விழறதா எனக்குப் பெரிசு? மூணு வாரம் இருந்துச்சு. அந்த மூணு வாரத்தை நீ எடுத்துக்கிட்ட. உன் புருஷன் மானம் போகக்கூடாதுன்னு."

"மெர்ல்..."

"நான் அந்தாளுக்குக் கேக் சுட்டுக் குடுத்தேன். நீ வாங்கிட்டுப் போன."

வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அந்தக் கார்லயா?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஆஸ்பத்திரிக்குத்தான் நேரே போகப் போகிறேன், அவர் மத்தியானத்திலிருந்து காத்துக்கொண்டிருப்பார் என்றாள். நானும் வருகிறேன், நானே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்றாள். "ஏழு மாசத்துல அவருக்குக் கை போச்சு, காலு போச்சு, இப்போ வீடும் போச்சு. உன்னையும் பிடுங்க எனக்கு மனசு வரல. கவுன்சில்ல சரிப்படலைன்னு சொல்லிக்கிறேன். ஆனா இனிமே அவரைப் பாக்க வராதே கேனர். நீ வந்தா நான் பக்கத்துல சிரிச்ச மூஞ்சியா உக்காரணும். என்னால முடியாது."

படியிறங்கிப் போனாள். நெவிலிடம் போய் என்னென்ன கத்த வேண்டும் என்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் பஸ் நிறுத்தத்தில், மழைத் தூறலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என் குடை என் கையில் இருந்தது. பஸ் வருவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. கீழே இறங்கிப் போய் அதை அவளிடம் கொடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.